காலி அறையில் பத்தொன்பது வினாடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள், வீட்டுக்கு வருவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்வார்கள். அந்த ஆய்வாளரும் கேட்டார். வர வேண்டாம் என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு பை, கையில் தடித்த நோட்டு, முகத்தில் எங்கோ இரவல் வாங்கி வந்த பணிவு. படியேறி வந்த மனுஷனை அப்படியே திருப்பி அனுப்பும் அளவுக்கு எனக்கு இன்னும் முற்றவில்லை. உள்ளே விட்டேன்.

கல்லூரியில் சினிமா பாடம் நடத்துகிறாராம். நாற்பது வயதிருக்கும். ஓர் இயக்குநரின் பாணியையும் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களையும் ஆறு வருடம் ஆராய்ந்து, புத்தகமே எழுதி முடித்துவிட்டாராம். எந்த இயக்குநர் என்று நான் கேட்கவில்லை. என்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்றால் அது அந்த ஆளைப் பற்றித்தான் இருக்கும். அந்த ஆளின் முதல் படத்துக்கு எடிட்டர் நான். அந்த ஆள் ஒரு காலத்தில் என் அக்காவின் புருஷன்.

அத்தான் அத்தான் என்று கூப்பிட்ட வாய்தான் இது. முப்பத்திரண்டு வருடமாக அந்த ஆள் என்றுதான் சொல்கிறது. படப்பிடிப்பில் வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இன்னொண்ணு'. ஒரு காட்சியை எத்தனை முறை எடுத்தாலும் மனசு ஆறாது. இன்னொண்ணு, இன்னொண்ணு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஏழு படம் எடுத்தார். ஏழும் மொத்தமாக ஏழு வாரம் ஓடியிருந்தால் அதிகம். ஆனால் படித்தவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அடுத்த மாதம் ஏழையும் ஒரே வாரத்தில் திரையிட்டு அவருக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். அந்த மேடையில் இவருடைய புத்தகத்தையும் வெளியிடுவார்களாம்.

என் வீட்டு முன்னறைதான் என் எடிட்டிங் ரூம். இரண்டு திரை, ஒரு மேசை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் காட்டும் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, கண்ணில் மருந்து தெறித்தால் எங்கே ஓடுவது, இப்படி. அவர் வந்தபோது திரையில் ஒருவர் ஏணியில் ஏறக் கூடாத விதத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்லாமலே ஆய்வாளர் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆளின் எல்லாப் படத்திலும் ஒரு காட்சி உண்டு. யாராவது ஒருவர் அறையை விட்டு வெளியே போவார். கேமரா அவர் பின்னால் போகாது. காலியான அறையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு வெளியிலிருந்து ஒரே ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த காட்சி. இரண்டாவது படத்தில் கேட் மோதும் சத்தம், மூன்றாவதில் தட்டு விழும் சத்தம். இப்படி ஏழுக்கும் ஆய்வாளர் அட்டவணை போட்டிருந்தார். முதல் படத்தில் பத்தொன்பது வினாடி, கடைசிப் படத்தில் நாற்பத்தெட்டு. மனிதன் போன பிறகு இடம் என்ன செய்கிறது என்பதுதான் அந்த இயக்குநரின் ஒரே கேள்வி என்றார். வெளியிலிருந்து வரும் அந்தச் சத்தம் காலம் வந்து கூப்பிடுவதாம். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதானாம். பேச்சுக்கு நடுவே இதற்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது, அதற்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது என்று மூச்சுக்கு மூச்சு சொன்னதால், அவருக்கு அடிக்குறிப்பு என்றே மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

அடிக்குறிப்புக்கு ஒரே ஒரு குறை. ஆறு படத்தில் சத்தம் என்ன என்று தெரிகிறது. முதல் படத்தில் மட்டும் தெரியவில்லை. பலகை விழுந்ததா, கதவு சாத்தியதா? இயக்குநரிடமே போய்க் கேட்டிருக்கிறார். அறை தானாகப் பேசியது, நான் காத்திருந்தேன், அவ்வளவுதான் என்று அந்தப் பெரிய மனுஷர் திருவாய் மலர்ந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்றார். ஒன்றுமில்லை, அது என்ன சத்தம் என்று எனக்கும் தெரியாது, கிளம்புங்கள் என்றேன்.

அவர் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நோட்டை மூடிக்கொண்டே, நடிகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அந்த முதல் படத்தில் நடித்த பெண்ணின் முகத்தில் எதுவுமே கிடையாதாம். நடிப்புத் தெரியாத, உணர்ச்சியே இல்லாத ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அந்த வெறுமையையே இயக்குநர் செதுக்கி எடுத்தாராம். அவள் ஒரு கருவி, அவ்வளவுதான் என்றார்.

அந்தக் கருவி, என் அக்கா, என்னோடுதான் இருக்கிறாள். இதே வீட்டில், பின்னறையில். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசைப்படுத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. உட்காருங்கள், அது என்ன சத்தம் என்று சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் வெளியாள் ஒருவரிடமும் சொல்லாததை அந்த மனுஷரிடம் கொட்டினேன்.

அது ஒரு வாடகை வீட்டில் நடந்த படப்பிடிப்பு. அக்காவுக்குக் கரு கலைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆறாவது மாதம் அது. அப்படிப்பட்டவளை அந்த ஆள் காலையிலிருந்து ஒரே காட்சிக்கு நிற்க வைத்திருக்கிறார். காட்சி இதுதான்: மேசைக்கு எதிரே இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும், கதவைத் தாண்டி வெளியே போக வேண்டும். இருபத்தேழு டேக். கடைசி டேக்கில் அவள் வெளியே போனதும் அந்த ஆளும் எழுந்து இன்னொரு கதவு வழியாக அவள் பின்னால் போயிருக்கிறார். கட் என்று சொல்லவில்லை. அந்தப் படப்பிடிப்பில் ஒரு சட்டம் இருந்தது: கட் சொல்கிற உரிமை இயக்குநருக்கு மட்டும்தான், அவர் சொல்லாமல் கேமரா நிற்கக் கூடாது. கேமராமேனுக்குக் கல்லு என்று பெயர். கூரை இடிந்து விழுந்தாலும் கட் கேட்காமல் நிறுத்தமாட்டார். ஒலிப்பதிவு செய்கிறவரும் அப்படித்தான். ஆகவே காலி அறை படமாகிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் திரும்பி வந்து கட் சொல்லும்வரை ஒரு நிமிடம் நாற்பது வினாடி. இதுதான் உங்கள் மூன்றாம் அத்தியாயம் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் படச்சுருளும் ஒலி நாடாவும் என் மேசைக்கு வந்தன. நான் படப்பிடிப்புக்குப் போனவள் இல்லை. இருட்டறையில் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். அக்கா போகிறாள். இடப்பக்கம் அந்த ஆளின் நிழல் போகிறது. சரியாகப் பதினோரு வினாடி கழித்து, பளார். நாடாவை முன்னும் பின்னும் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் அது கன்னத்தில் கை விழுந்த சத்தம்தான்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். அடித்தானா என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. அது போதும் என்று அவள் துணிமணிகளைப் பையில் அடைத்து அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும், அனுசரித்துப் போ என்பதுதான் அப்பாவின் ஒரே மந்திரம். அவரே, அடிக்கிறான் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். கை நீட்டுகிறவன் வீட்டில் என் பெண் இருக்கமாட்டாள் என்றார். அந்த ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டார். அந்த ஆள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

படத்தை நான்தான் முடித்துக் கொடுத்தேன். ஏன் தெரியுமா, அந்தச் சத்தத்தை அதில் வைப்பதற்காகவே முடித்தேன். ஒரு நிமிடம் நாற்பதிலிருந்து பத்தொன்பது வினாடி எடுத்து, அந்த ஆளை எதிரே உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கூசிப்போய் எடுத்துவிடு என்பார், அப்போது வாயில் வந்ததைக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அந்த ஆள், இருக்கட்டும் என்றார். அதோடு நான் சினிமாவை விட்டேன். இரண்டாவது படத்துக்கு என்னைக் கூப்பிட்டு மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். அப்புறம் பார்த்தால் அந்த ஆள் ஒவ்வொரு படத்திலும் ஒரு காலி அறையை வைத்து, வெளியிலிருந்து ஒரு சத்தத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறார். பொண்டாட்டியை அடித்த சத்தத்தை வைத்துப் பிழைத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அடிக்குறிப்பின் முகம் வெளுத்தது. ஆனால் பேனா நிற்கவில்லை. என்ன தேதி, எத்தனை மணி, அந்த நாடா இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நாடா அலமாரியில் இருந்தது, காட்டினேன். புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மூன்றாம் அத்தியாயத்தை மாற்றி எழுதுவேன் என்றார். ஆனால் என் வார்த்தையை மட்டும் வைத்துப் பதிப்பாளர் போடமாட்டார், அடி வாங்கியவரே நடந்தது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போடுவாள், நான் சொன்னால் போடுவாள் என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். விருது மேடையில் அந்த ஆள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பார், எதிரே இருப்பவர்கள் எல்லாரும் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்துக்கு வருவார்கள் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். ஏணியிலிருந்து விழுகிறவரை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வெட்டினேன்.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். கிளறாதே, முடிந்தது முடிந்ததுதான் என்பாள். இருபது பேர் எதிரில் பல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினாலும் குரல் உயராத பெண் அவள். அவளுக்கும் சேர்த்துக் கோபப்படுவதை நானே குத்தகைக்கு எடுத்திருந்தேன். கண்ணெதிரில் காகிதத்தை நீட்டினால் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அடிக்குறிப்பு புதிய அத்தியாயத்தோடு வந்துவிட்டார். எட்டுப் பக்கம். இந்த முறை பணிவெல்லாம் இல்லை. ஆறு வருட உழைப்பைத் தலைகீழாகப் புரட்டியதற்கு என்மேல் எரிச்சல் ஒரு பக்கம், இப்படி ஒரு செய்தி தன் கையில் கிடைத்ததில் குஷி ஒரு பக்கம். உங்கள் அக்கா பின்வாங்கிவிட்டால் என் மானம் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் அன்றைக்கு அடி வாங்கினாளா என்று நான் கேட்டேன். 

ஒரு மணிக்கு அக்கா வந்தாள். மருத்துவமனை வாசனையோடு, குடையை மடக்கிக்கொண்டு. அவர் யார், எதற்கு வந்திருக்கிறார், நான் என்ன சொன்னேன், அவர் என்ன எழுதியிருக்கிறார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் காட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எட்டுப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பாதியில் ஒரு தடவை தண்ணீர் குடித்தாள். அடிக்குறிப்பு பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இதுல இருபத்தேழு டேக்னு இருக்கு. முப்பத்தொண்ணு" என்றாள்.

அவர் பணிவாகத் திருத்திக்கொண்டார்.

"அப்புறம் இது தப்பு. அவர் என்னை அடிக்கல."

எனக்குப் புரிந்துவிட்டது, பழையபடி மூடி மறைக்கிறாள் என்று. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, இனிமேல் யாருக்குப் பயம், அந்த ஆளைக் காப்பாற்றி உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கத்த ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள், மருத்துவமனையில் வரிசையைத் தாண்டி வருகிறவர்களை நிறுத்துவதைப் போல.

"பயமெல்லாம் இல்லடி. அடிச்சது நான்."

ஏணிப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அடிக்குறிப்புதான் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

அக்கா அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, குழந்தை போய்விட்டது என்று சொன்னபோது அந்த ஆள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அழவில்லை. கையைப் பிடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகும் வீட்டில் உட்கார்ந்தால், எழுந்தால், தண்ணீர் குடித்தால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் காட்சி முதலில் கதையிலேயே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் புதிதாக எழுதிச் சேர்த்தது. முப்பது தடவை இன்னொண்ணு, இன்னொண்ணு. முப்பத்தொன்றாவது தடவை அவள் நாற்காலியைப் பார்த்தாள், எழுந்தாள், வெளியே போனாள். அவர் பின்னால் ஓடி வந்தார். சந்தோஷம் தாங்காமல் ஓடி வந்தார் என்றாள் அக்கா.

"வந்துடுச்சுன்னார். நர்ஸ் சொன்னப்போ உன் முகம் எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துடுச்சு, இதுக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்னார். கை தானாப் போயிடுச்சு."

நான் எடிட்டர். ஒருத்தி கதவைத் தாண்டிப் போவதைக் காட்டு, பின்னால் ஒருவன் போவதைக் காட்டு, ஒரு சத்தத்தைப் போடு; யார் யாரை அடித்தார் என்பதைப் பார்க்கிறவர்களே பூர்த்தி செய்துகொள்வார்கள். இதுதான் எனக்குச் சோறு போடும் வித்தை. ஊரை நம்ப வைக்கிற அந்த வித்தையை எனக்கு நானே செய்துகொண்டு முப்பத்திரண்டு வருடம் நம்பியிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நான் ஒரு ஃபிரேம்கூடப் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது.

அடிக்குறிப்பு அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். மனுஷர் கண்ணெல்லாம் மின்னியது. இது முன்பைவிடப் பெரிய விஷயம் என்றார். அப்படியானால் ஒவ்வொரு படத்திலும் அவர் திரும்பத் திரும்ப வைத்தது தான் வாங்கிய அடியை. அது குற்ற உணர்ச்சி. வாழ்நாள் முழுவதும் ஒரு கலைஞர் மனைவியிடம் கேட்ட மன்னிப்பு. ஏழு படங்களும் ஏழு மன்னிப்புகள். அத்தியாயத்தின் தலைப்பே கிடைத்துவிட்டது என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"மன்னிப்பா? அவருக்கு இந்த வீட்டு அட்ரஸ் தெரியுமே. மன்னிப்புக் கேக்க ஏழு படம் எதுக்கு, ஒரு போஸ்ட்கார்டு போதாதா?"

அடிக்குறிப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என் முகத்தை எடுத்துக்கிட்டார். நான் அடிச்ச அடியையும் எடுத்துக்கிட்டார். எரியற வீட்டுல பிடுங்கறதுன்னு சொல்வாங்க. அதுக்கு நீங்க தலைப்பு வேற வைக்கறீங்க."

இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. அடிக்குறிப்புக்கும் ரோஷம் வந்தது. உண்மையை மறைக்க உங்களுக்கு உரிமையில்லை, இது இப்போது கலையின் வரலாற்றைச் சேர்ந்தது, நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். அக்கா எட்டுப் பக்கத்தையும் ஒன்றாகத் தட்டி அடுக்கி அவரிடம் நீட்டினாள். வரலாற்றுக்கு அவ்வளவு அவசரம் என்றால் அதுவே வந்து கேட்கட்டும், எனக்குப் பசிக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்றாள். கையெழுத்து இல்லாமல் இதில் ஒரு வரி வந்தாலும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். போகும்போது அவர் என்னைத்தான் முறைத்தார். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கும் பொம்பளை என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்கு அவர்மேல் பாயத் தெம்பில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு அக்காமேல் பாய்ந்தேன். எங்காவது பாய வேண்டியிருந்தது. என்னை என்ன முட்டாள் என்று நினைத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அப்பாவிடம் பொய் சொன்னேன், உறவுக்காரர்களிடமெல்லாம் பொய் சொன்னேன், செய்யாத குற்றத்துக்கு ஒரு மனுஷனைத் தலைகுனிய வைத்தேன். நல்ல கை என்று பெயரெடுத்த தொழிலைத் தூக்கி எறிந்தேன். தீயணைப்பானையும் ஏணியையும் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் உனக்காக. நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். 

அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் இல்லாத கோபம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. அது அந்த ஆள்மேலோ ஆய்வாளர்மேலோ இல்லை. என்மேல்.

"அன்னிக்கு நீ வந்து என்ன கேட்ட? என்ன ஆச்சுன்னு கேட்டியா? அடிச்சானான்னு கேட்ட."

சோற்றுப் பானையை மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி நான் அப்பா வீட்டுக்கு வந்தேனே, அது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஆய்வாளரிடம் அவ்வளவு கதை சொன்ன நான் இதை மட்டும் சொல்லவில்லை. மறந்து விடவில்லை, வெட்டி விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காவது நாள் அக்கா ஒரு பையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். இனிமேல் அங்கே போகமாட்டேன் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்றாள். அவளுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடித்தாரா, குடித்தாரா, வேறு பெண் உண்டா என்று அம்மா வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அப்பா தன் மந்திரத்தைச் சொன்னார். நான் சிரித்தேன். கட்டின புருஷன் பார்க்கிறது ஒரு குறையா, எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது என்று கேலி செய்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. உலகத்திலேயே பெரிய கலைஞர் என் அத்தான்தான், அவர் படத்துக்கு நான்தான் எடிட்டர் என்று தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலையே நான்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். அத்தான் காபி போட்டுக் கொடுத்தார். புதிதாக ஒரு காட்சி யோசித்திருக்கிறேன் என்றார். ஒரு பெண், ஒரு காலி நாற்காலி, அவள் பார்த்துவிட்டு வெளியே போகிறாள் என்றார். பிரமாதம் அத்தான், அக்காவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றேன். அக்கா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நீ அடிச்சானான்னு கேட்டப்போ, இல்லன்னு சொல்லணும்னுதான் வாய் வந்துச்சு" என்றாள் அக்கா. "இல்லன்னா அங்கயே விட்டுட்டுப் போயிடுவியேன்னு அழுகை வந்துடுச்சு. நீ அதை ஆமான்னு எடுத்துக்கிட்ட. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவரும் வாயைத் திறக்கமாட்டார்னு தெரியும். பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினேன்னு எந்த ஆம்பளை சொல்வான்? அடிச்சவன்னு பேர் வாங்கறது அவருக்கு அதைவிடச் சுலபமா இருந்துச்சு."

தட்டை மேசையில் வைத்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள். உட்கார்ந்து என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இப்ப நீ சொல்லு. அவர் என்னைத் தொடவே இல்ல, நான்தான் அவரை அடிச்சேன்னு அன்னிக்குச் சொல்லியிருந்தா, என்னைக் கூட்டிட்டு வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. அவளும் மேலே கேட்டிருக்கமாட்டாள், சாப்பிட்டிருப்பாள். ஆனால் அந்த இருபத்து நான்கு வயதுக்காரியை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் என்ன செய்திருப்பாள் என்பதும் தெரியும்.

"மாட்டேன்" என்றேன். "அத்தான்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சிருப்பேன்."

அக்கா தலையாட்டினாள். கோபம் முகத்தை விட்டுப் போகவில்லை. என் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"அதான் சொல்லல. சாப்பிடு."